ஏடும் உளியும்

கட்டடம் என்பது கல்லும் மண்ணும் மட்டும் அன்று. கட்டியவர் அறிவும், கட்டுவித்தவர் எண்ணமும், அதனுள் வாழ்ந்தும் வழிபட்டும் வந்தோர் வாழ்வும் ஒருங்கே உறையும் உடம்பு அது. ஏட்டுச்சுவடியைக் கறையான் அரித்தால், வேறோர் ஊரில் வேறொரு படி கிடைத்தல் கூடும். கட்டடத்திற்கோ மறுபடி இல்லை. அஃது ஒரே பிரதியாக உள்ள நூல். ஒரு முறை அழிந்தால் அழிந்ததே. ஆதலால், பழங்கட்டடங்களை ஆராய்தலும் காத்தலும் கல்வியின் பகுதிகளாகக் கருதப்படல் வேண்டும். அக்கல்வி, ஓய்வு பெற்ற பின்னர்ப் பொழுதுபோக்காகக் கற்கத்தக்கது அன்று. மாணாக்கப் பருவத்திலேயே தொடங்கத்தக்கது.

ஆயினும், மாணாக்கர் ஆராய்ச்சி என்றவுடன் புன்முறுவல் செய்வோர் பலர். பட்டத்திற்காக எழுதப்பெற்று, தேர்வாளர் இருவர் மட்டும் படித்து, பின்னர் நூலகத்தின் மேல்தட்டில் துயில்கொள்ளும் ஏடு என்பது அவர்தம் கருத்து. இதில் உண்மை இல்லாமல் இல்லை. பிறர் எழுதிய நான்கு நூல்களைப் பார்த்து ஐந்தாவது நூல் எழுதுவோரும் உளர். ஆனால், ஒரு சிலர் செய்யும் பிழையால் ஒரு துறையே பயனற்றது என முடிவு செய்தல் பொருந்தாது. தென்னாட்டுக் கட்டடக்கலை வரலாற்றை உற்று நோக்கினால், அதன் பெரும் பகுதி, கற்கும் ஆர்வம் மிக்க தனியொருவர் கால்நடையாகச் சென்று, கண்ணால் கண்டு, கையால் அளந்து தேடிய செல்வம் என்பது விளங்கும்.

தஞ்சையிற் பிறந்தவர் இராம்ராசு. எளிய நிலையில் வாழ்க்கையைத் தொடங்கி, ஆங்கிலம் பயின்று, பெங்களூரில் நீதிபதியாக உயர்ந்தவர். அவர், 'மானசாரம்' முதலிய வடமொழிச் சிற்ப நூல்களைப் படித்துப் பொருளறிய முயன்றார். ஆங்கே ஓர் இடர் எதிர்ப்பட்டது. வடமொழி வல்ல புலவர்க்கு அந்நூல்களிற் கண்ட தொழிற்சொற்களின் பொருள் புலப்படவில்லை. கல்லிலே வல்ல சிற்பியர்க்கு அந்நூலின் மொழி விளங்கவில்லை. நூலறிந்தவர் தொழிலறியார், தொழிலறிந்தவர் நூலறியார். இவ்விரு கரைகட்கும் இடையே பாலம் அமைத்தலே தம் கடமை என அவர் துணிந்தார். சிற்பத்தொழிலில் தேர்ந்த ஒருவரைத் துணைக்கொண்டு, சொல்லையும் கல்லையும் ஒப்பிட்டு நோக்கினார். அம்முயற்சியின் பயனாக விளைந்த ஆங்கில நூல், அவர் மறைந்த பின்னர் 1834 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. இந்தியர் ஒருவர் தம் நாட்டுக் கட்டடக்கலையைப் பற்றி இக்கால ஆராய்ச்சி முறையில் எழுதிய முதல் நூல் என அதனை அறிஞர் போற்றுவர்.

மற்றொருவர் பிரெஞ்சு நாட்டினர். ழூவோ துப்ரேய் என்னும் பெயரினர். 1909 ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு வந்து, கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். தமிழ்நாட்டுக் கோயில்களில் எது முந்தியது, எது பிந்தியது என்று உறுதியாய்க் கூறுவதற்கு அக்காலத்தே தெளிவான முறை ஏதும் இல்லை. அவர் கோயிற்பணி செய்துகொண்டிருந்த சிற்பியரை அடைந்து, தூணின் உறுப்புகளுக்கும் சுவரின் உறுப்புகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்தார். பின்னர்ப் பல ஊர்களுக்கும் சென்று அவ்வுறுப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். தூணின் தலையில், உத்தரத்தைத் தாங்கி நிற்கும் பொதிகை என்னும் சிற்றுறுப்பு அவருக்குப் பெரியதோர் உண்மையை உணர்த்திற்று. பல்லவர் காலத்தே அஃது அலைபோன்ற வரிகளை உடையது. சோழர் காலத்தே சரிவாக வெட்டப்பெற்று நடுவே நீட்சி பெற்றது. விசயநகர வேந்தர் காலத்தே கீழ்நோக்கித் தொங்கும் பூமொட்டாக மலர்ந்தது. கல்வெட்டு இல்லாத மண்டபமும் தன் வயதைப் பொதிகையால் கூறும் என்பது இதனால் விளங்கிற்று. அவர் முனைவர் பட்டத்திற்கு அளித்த அவ்வாராய்ச்சி 1914 ஆம் ஆண்டில் பாரிசில் வெளிவந்தது. மாணாக்கர் ஏடு என்று அதனை எவரேனும் ஒதுக்கியிருந்தால், இழப்பு யாருக்கு?

இவ்விருவர் வரலாறும் உணர்த்தும் உண்மை ஒன்றே. கட்டடக்கலை ஆராய்ச்சி ஏட்டினால் மட்டும் நிரம்பாது. உளியினால் மட்டும் நிரம்பாது. ஏடு அறிந்தவர் உளியின்பாலும், உளி அறிந்தவர் ஏட்டின்பாலும் செல்ல வேண்டும். இராம்ராசு நீதிபதியாய் இருந்தும் சிற்பியிடம் மாணாக்கரானார். துப்ரேய் ஆசிரியராய் இருந்தும் கல்தச்சரிடம் பெயர் கேட்டுப் பயின்றார். தமக்குத் தெரியாததைத் தொழிலாளியிடம் கேட்க நாணாமையே அவர்களை அறிஞராக்கிற்று.

ஆராய்ச்சியின் முதற்பயன் மயக்கம் நீங்குதல். தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்தவர் யார் என்பது ஒரு காலத்தில் தெளிவாகத் தெரியவில்லை. தலபுராணம் கரிகாலனைக் கூறிற்று. வேறு கதைகளும் வழங்கின. விடையோ அக்கோயிற் சுவரிலேயே வரிவரியாக எழுதப்பட்டிருந்தது, படிப்பார்தாம் இல்லை. 1886 ஆம் ஆண்டில் அரசின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஹூல்ஷ் என்பார் அக்கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே, அதனை எடுப்பித்தவன் முதலாம் இராசராசன் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது. மன்னன் தன் 25 ஆம் ஆட்சியாண்டில், 275 ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்கக் குடம் அளித்த செய்தியும் ஆங்கே உள்ளது. அஃது 1010 ஆம் ஆண்டு. அதனினும் சிறந்த செய்தி ஒன்று உண்டு. அக்கோயிலை அமைத்த தலைமைச் சிற்பி குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்பான் பெயரும் அக்கல்லில் இடம்பெற்றுள்ளது. ஈந்தோர் பெயர்களோடு எடுத்தோன் பெயரையும் எழுதுவித்த வேந்தனின் பெருமிதத்தை என்னென்பது!

இத்துணை ஆராய்ச்சிக்குப் பின்னரும், அவ்விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று கூறுவோர் உளர். இளங்காலையிலோ மாலையிலோ அத்திருமுற்றத்தில் நிற்கும் சிறுவனும் நிழலைக் காண்பான். உச்சியில் உள்ள கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும் கூறுவர். அது பல கற்களை இணைத்து அமைத்தது என்று நேரில் ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். பொய்யான புகழ் பெரிய கோயிலுக்கு வேண்டுவதில்லை. மெய்யே அதற்குப் போதிய புகழ். வியப்பினைக் கூட்டுவதற்காக உண்மையைக் குறைத்தல், அதனைக் கட்டிய பெருந்தச்சனின் அறிவைக் குறைத்தலே ஆகும்.

அக்கோயிலிலேயே 1931 ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எசு. கே. கோவிந்தசாமி என்பார், கருவறையைச் சூழ்ந்துள்ள இருள் நிறைந்த உள்சுற்றினுள் விளக்கொடு புகுந்தார். சுவரில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. அவை சிதைந்த இடங்களில், அவற்றின் அடியில் வேறொரு வண்ணமும் வேறொரு கோடும் தோன்றக் கண்டார். அவையே சோழர் கால ஓவியங்கள்! நாயக்கர் ஓவியத்தின் அடியில் நெடுங்காலம் மறைந்திருந்த கலை, உற்று நோக்கிய கண்ணுக்குத் தன்னைக் காட்டிற்று. பின்னர்த் தொல்லியல் துறையினர், மேலிருந்த நாயக்கர் ஓவியங்களையும் அழிக்காமல், அவற்றை மெல்லப் பிரித்தெடுத்து வேறு தளத்திற் பதித்துக் காத்தனர். பழமையைக் காக்கும் பொருட்டு அதனினும் இளைய பழமையை அழித்தல் முறையன்று என்பதற்கு இதுவே சான்று.

கண்டதைத் தொகுத்தல் வரலாறு. கண்டதன் காரணத்தை ஆராய்தல் கோட்பாடு. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலின் கல்வெட்டு, அது செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இன்றி அமைக்கப்பெற்றது என்று பெருமிதத்துடன் கூறுகிறது. சிந்திக்கும் மாணாக்கன் இதனைப் படித்தவுடன், 'அங்ஙனமாயின், அதற்கு முந்திய கட்டடங்கள் இந்நான்கு பொருள்களால் அமைந்தவை அல்லவா? அவை மறைந்தமைக்கு அவற்றின் பொருள்களே காரணம் அன்றோ?' என்று வினவுவான். நெடுநல்வாடையில், நிழலைக் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு அரண்மனைக்கு மனை வகுக்கும் செய்தி வருகின்றது. கல்லில் எஞ்சாத கட்டடம் சொல்லில் எஞ்சியிருக்கின்றது. ஆதலின், கட்டடக்கலை பயில்வோர்க்குத் தமிழிலக்கியமும், தமிழிலக்கியம் பயில்வோர்க்குக் கட்டடக்கலையும் அயலானவை அல்ல.

இனி, காத்தல் என்னும் கடமையை நோக்குவோம். அறியாமையுடன் கூடிய அன்பு, பகைமையினும் மிகுந்த கேடு செய்யும். பழங்கட்டடங்கள் சுண்ணச்சாந்தினால் ஆனவை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீற்றி, மணலுடன் கலந்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பக்குவம் செய்தனர் முன்னோர். அச்சாந்து மெல்லியது, சுவரின் ஈரத்தை வெளியே போகவிடும், கட்டடம் சிறிது அசைந்தாலும் தானும் உடன் இசைந்து கொடுக்கும். இக்காலச் சிமெண்டோ வன்மை மிக்கது. ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல்லினுள் பரவும். உலருங்கால் உப்புப் படிகமாகி விரியும். செங்கல் பொடியாய் உதிரும். வலிமை சேர்ப்பதாக எண்ணிப் பூசிய பூச்சே சுவரை உண்ணும் நோயாகின்றது. இதனை உணராமல் எத்தனை மண்டபங்களுக்குச் சிமெண்டு பூசப்பட்டது!

அவ்வாறே, கருங்கற் சுவர்களைத் தூய்மை செய்கின்றோம் என்று சிலர் மணலைக் காற்றின் விசையால் வீசியடித்தனர். அழுக்கு நீங்கிற்று, அதனுடன் கல்வெட்டின் விளிம்பும் சிற்பத்தின் நுண்மையும் தேய்ந்தன. அரசு அம்முறையைத் தடை செய்தது. ஆனால், தடை வருமுன் தேய்ந்த எழுத்தை மீட்பது எங்ஙனம்? அவ்வெழுத்தை அதற்கு முன்னரே ஒரு மாணாக்கன் படியெடுத்து வைத்திருந்தால், கல்லில் இழந்தது தாளிலேனும் எஞ்சியிருக்கும்.

திருக்காளத்தியில் கிருட்டிணதேவராயர் 1516 ஆம் ஆண்டில் எழுப்பிய இராயகோபுரம், 2010 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. 494 ஆண்டு நின்ற கோபுரம் அது. பெரிய கட்டடம் முன்னறிவிப்பின்றி வீழ்வது அரிது. அது விரிசலாகப் பேசும், சாய்வாகப் பேசும். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, நாள் குறித்து வைத்தால், விரிசல் வளருங்கால் கண்ணாடி உடையும். மாதந்தோறும் சென்று அதனைப் பார்த்துக் குறித்து வைப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. பொறுமையுள்ள ஒரு மாணாக்கன் போதும்.

இங்கு ஒரு தடை எழுப்புவர் சிலர். 'கோயில் காட்சிச்சாலை அன்று, வழிபாட்டிடம். பன்னீராண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்காட்டுவது மரபு. பழையது பழையபடியே இருத்தல் வேண்டும் எனின், மரபு என்னாவது?' என்பது அவர்தம் வினா. இவ்வினா புறக்கணிக்கத்தக்கது அன்று. உயிருள்ள கோயில் ஒழுகுமானால் செப்பனிட வேண்டும். தூண் சாயுமானால் நிமிர்த்த வேண்டும். ஆராய்ச்சியின் பெயரால் அடியவர் நனைதல் கூடாது. ஆயினும், புதுப்பித்தற்கு முன் பதிவு செய்தல் மரபுக்கு மாறானது அன்று, அதுவே மரபு.

அதற்குச் சான்று பகர்பவர் 10 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பெருமாட்டி. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் அன்னையுமாகிய செம்பியன் மாதேவியார், பழைய கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கினார். திருக்கோடிகாவில் அவர் திருப்பணி செய்தபோது, அங்கே பழங்கற்களில் பல கல்வெட்டுகள் இருந்தன. பழைய கட்டடம் பிரிக்கப்படுங்கால் அவை அழியும் என்று உணர்ந்த அத்தேவியார், அவற்றைப் படியெடுத்துப் புதிய கற்றளியின் சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். அதனோடு அமைந்தாரா? இவை பழங்கல்லின் படிகள் என்னும் குறிப்பையும் உடன் பொறிக்கச் செய்தார். தம் காலத்து எழுத்தைப் பழைய எழுத்தென எவரும் மயங்கலாகாது என்னும் நேர்மை அக்குறிப்பில் விளங்குகிறது. 1964 ஆம் ஆண்டில் வெனிசு நகரில் உலக அறிஞர் கூடி வகுத்த விதிகளுள், ஊகத்தைக் கொண்டு சீரமைத்தல் ஆகாது என்பதும், புதிதாகச் சேர்த்தது புதிது என்று புலப்பட வேண்டும் என்பதும் உள்ளன. அவ்வறிஞர் வகுத்த நெறியின் உயிர்நிலையை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே காவிரிக்கரையில் ஒரு பெண்மணி நடத்திக் காட்டினார். திருப்பணி செய்வோர் அவரை வழிகாட்டியாகக் கொள்வாராயின், மரபுக்கும் ஆராய்ச்சிக்கும் பகை ஏது?

காக்கத்தக்கவை கோயில்கள் மட்டும் அல்ல. சென்னையில் மூர் மார்க்கட்டு 1985 ஆம் ஆண்டில் தீக்கு இரையாயிற்று. இன்று நினைவில் மட்டும் நிற்கிறது. சேப்பாக்கம் மாளிகையின் ஒரு பகுதியாகிய கலச மகாலும் 2012 ஆம் ஆண்டில் தீப்பற்றிற்று. ஆனால், அஃது இடித்துத் தள்ளப்படவில்லை. பழைய முறையிலே சுண்ணச்சாந்து கொண்டு சீரமைக்கப்பட்டது. கட்டடம் எரிந்தது என்பதனால் மட்டும் அழிவதில்லை. அதனை எங்ஙனம் கட்டினர் என்னும் அறிவும் மறைந்தால்தான் முற்றும் அழிகின்றது. இவையெல்லாம் பெயர் பெற்றவை. பெயர் பெறாத சாவடிகளும், திண்ணை வீடுகளும், மெத்தைப் படித்துறைகளும், மண்சுவர்க் குதிர்களும் நாள்தோறும் மறைகின்றன. அவற்றைப் பற்றி எழுதுவார் யார்? அவ்வவ்வூர் மாணாக்கரே எழுதுதல் வேண்டும்.

அங்ஙனம் எழுதப் புகுவோர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று. முதலில், அளத்தல் வேண்டும். கண் மதிப்பீடு ஏமாற்றும், அளவுநாடா ஏமாற்றாது. அடுத்து, வரைதல் வேண்டும். நிழற்படம் ஒரு நொடியில் எடுக்கப்படும், ஆனால் வரைபவன் ஒவ்வொரு கோட்டையும் உற்றுநோக்கியே தீரல் வேண்டும். மூன்றாவது, கேட்டல் வேண்டும். கொத்தனார், தச்சர், ஸ்தபதியார், கோயில் மெய்க்காவலர் ஆகிய அனைவரும் ஆசிரியரே. நான்காவது, கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதல் வேண்டும். 'சுவரில் விரிசல் உள்ளது' என்பது காட்சி, 'அடித்தளம் அமிழ்ந்தது' என்பது கருத்து. இறுதியாக, எழுதிய ஏட்டின் ஒரு படியைக் கட்டடத்தைக் காக்கும் பொறுப்புடையோர்க்கு அளித்தல் வேண்டும். நூலகத்தில் மட்டும் உறங்கும் ஆராய்ச்சி, பூட்டிய பெட்டியுள் உள்ள மருந்து போன்றது.

கல்வி நிலையங்களுக்கும் கடமை உண்டு. மாமல்லபுரத்தில் 1957 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிற்பக் கல்லூரியில் மாணாக்கர் உளி பிடித்துக் கற்கின்றனர். பல்கலைக்கழகங்களில் கட்டடக்கலை மாணாக்கர் வரைபடம் தீட்டக் கற்கின்றனர். வரலாற்று மாணாக்கர் கல்வெட்டுப் படிக்கக் கற்கின்றனர். தமிழ் மாணாக்கர் இலக்கியம் கற்கின்றனர். இவர்கள் நால்வரும் ஒரே மண்டபத்தில் ஒரு திங்கள் ஒருங்கே தங்கிப் பணியாற்றுவாராயின், தனித்தனியே பல்லாண்டு முயன்றும் பெறாத தெளிவைப் பெறுவர். திருப்பணிக்கு இசைவு அளிக்குமுன், அக்கட்டடத்தைப் பற்றிய அத்தகைய பதிவேடு ஒன்று ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்று விதி வகுப்பின், அவர்தம் உழைப்பு வீண் போகாது, கட்டடமும் காக்கப்படும்.

ஒவ்வோர் ஊரிலும் ஒரு பழங்கட்டடமேனும் இருக்கின்றது. அதன் தூணில் ஒரு பொதிகையும், சுவரில் ஒரு வரி எழுத்தும், மூலையில் ஒரு விரிசலும் யாரோ ஒருவர் கண்ணுக்குக் காத்திருக்கின்றன. விளக்குடன் உள்ளே புகுந்தவர்க்கு ஓவியம் தோன்றிற்று. பொதிகையைப் பார்த்தவர்க்குக் காலம் தோன்றிற்று. பள்ளிக்குச் செல்லும் வழியில் நாள்தோறும் கடந்து செல்லும் மண்டபத்தின் முன் ஒரு மாணாக்கன் இன்று நின்று, ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து, அதன் தூண்களை எண்ணத் தொடங்குவானாயின், பெருந்தச்சன் தொடங்கிய பணி தொடரும்.